ஒரு கடியில் வராத நோய்

இரவு ஒன்பது மணி. சிதம்பரத்தில் ஒரு தெரு. சாப்பாடு முடிந்து பாய் விரிக்கும் நேரத்தில் வாசலில் குரல் கேட்கிறது. சுகாதாரத் துறைப் பணியாளர்கள் இருவர் டார்ச் விளக்கும் சிறு பெட்டியுமாக நிற்கிறார்கள். விரல் நுனியில் ஊசியால் மெல்லக் குத்தி, சில சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, பெயரையும் வயதையும் குறித்துக்கொள்கிறார்கள்.

"ஏன் சார், பகல்ல வரக்கூடாதா? பிள்ளைங்க தூங்குற நேரம்" என்று வீட்டில் யாராவது கேட்பது வழக்கம்.

"பகல்ல எடுத்தா ஒண்ணும் தெரியாதும்மா" என்பார் வந்தவர்.

அவர் சொல்வது உண்மை. அவர்கள் தேடும் புழு பகலில் ரத்தத்தில் தென்படுவது மிக அரிது. யானைக்கால் நோயை உண்டாக்கும் அந்தப் புழுவின் பெயர் வுச்சரேரியா பேங்க்ராஃப்டி. கடலூர், சிதம்பரம், கும்பகோணம், காஞ்சிபுரம் போன்ற ஊர்களை இந்த நோய் பல தலைமுறைகளாக வாட்டியிருக்கிறது. உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். கால் வீங்கி நடக்கச் சிரமப்பட்டவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருந்ததாகச் சொல்லக்கூடும்.

உடம்புக்குள் ஒரு வடிகால்

நம் ரத்தக் குழாய்களிலிருந்து கொஞ்சம் நீர் எப்போதும் திசுக்களுக்குள் கசிந்துகொண்டே இருக்கும். அதைச் சேர்த்து மீண்டும் ரத்தத்தில் விடுவதற்கென்றே நூல் போன்ற குழாய்கள் உடம்பெங்கும் ஓடுகின்றன. அவற்றை நிணநீர்க் குழாய்கள் என்கிறோம். தெருவில் மழைநீரை வடிக்கும் வாய்க்கால் எப்படியோ, உடம்புக்கு நிணநீர்க் குழாய் அப்படி.

யானைக்கால் புழு குடியிருப்பது இந்தக் குழாய்களுக்குள்தான். வளர்ந்த பெண் புழு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளமிருக்கும். தடிமனோ கால் மில்லிமீட்டர்தான். ஆண் புழு அதில் பாதி நீளம். பெண் புழு ஏறக்குறைய ஆறு முதல் எட்டு ஆண்டுகள் உயிரோடிருந்து லட்சக்கணக்கான குட்டிப்புழுக்களை ஈனும். புழுக்கள் இருக்கும் இடத்தில் குழாய் விரிந்து, தளர்ந்து, வேலை செய்ய முடியாமல் போகிறது. வடிய வேண்டிய நீர் காலில் தேங்குகிறது. அதில் கிருமிகளும் சேர்ந்தால் காய்ச்சல் வரும், நெறி கட்டும், வீக்கம் கூடும். இப்படியே ஆண்டுக்கணக்கில் போனால் தோல் தடித்துக் கால் பெருத்துவிடும்.

இந்தத் தொற்று பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே உடம்பில் ஏறிவிடுகிறது. வீக்கம் தெரிவது பல ஆண்டுகள் கழித்து, பெரியவர்களான பிறகு. அதுவரை நோய் இருப்பதே தெரியாமல் ஓடியாடி வேலை செய்கிறவர்கள் ஏராளம்.

புழுவுக்கு மணி தெரியுமா?

குட்டிப்புழு ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு நீளம்தான். பகல் முழுவதும் நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் தங்கியிருக்கும். இரவானதும் கை, கால், விரல் என்று தோலை ஒட்டிய ரத்தத்துக்கு வரும். இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை அதன் எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும்.

இந்த நேரக்கணக்குக்குக் காரணம் கொசு. நம் ஊரில் இந்தப் புழுவைச் சுமக்கும் கியூலெக்ஸ் கொசு இரவில்தான் கடிக்கும். நாம் படுத்ததும் காதருகே ரீங்காரமிடுவது பெரும்பாலும் அதுதான். கொசு வரும் நேரத்தில் புழுவும் தோலருகே இருந்தால்தான் அதற்கு அடுத்த பயணம் உண்டு.

பசிபிக் பெருங்கடலில் சமோவா என்ற தீவு நாடு இருக்கிறது. அங்கே இதே இனப் புழுவைப் பகலில் கடிக்கும் ஏடிஸ் வகைக் கொசு சுமக்கிறது. அங்கே உள்ளவர்களின் ரத்தத்தில் குட்டிப்புழுக்கள் பகலிலேயே அதிகம் தென்படுகின்றன! ஒரே புழு இரண்டு நாடுகளில் இரண்டு விதமாக நேரம் பார்க்கிறது. நம் ஊரில்கூட ஒருவர் தொடர்ந்து இரவில் விழித்துப் பகலில் உறங்கினால், சில நாட்களில் அவர் உடம்பிலுள்ள புழுக்களின் நேரமும் மெல்ல மாறிவிடும்.

பாதி சரி, பாதி தவறு

கொசுவுக்கும் இந்தப் புழுவுக்கும் தொடர்பு உண்டென்று முதலில் கண்டவர் பேட்ரிக் மேன்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். 1877-இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றியபோது, ரத்தத்தில் புழு இருந்த தன் தோட்டக்காரரை இரவில் கொசுக்கள் கடிக்கவிட்டார். பிறகு அந்தக் கொசுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உருப்பெருக்கியில் பார்த்தார். கொசுவின் உடலுக்குள் புழு வளர்வதைக் கண்டார். ஒரு பூச்சி மனித நோய்க்குப் பாதை போடுகிறது என்பதற்கு அதுவே முதல் சான்று. பிற்காலத்தில் மலேரியா பற்றி ரொனால்டு ராஸ் ஆராய்ந்தபோது அவருக்கு வழிகாட்டியவரும் மேன்சன்தான். ராஸ் 1897-இல் செகந்திராபாத்தில் கொசுவுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார்.

ஆனால் மேன்சன் ஓரிடத்தில் தவறினார். கொசு சில நாட்களே வாழும், அது செத்து விழுந்த தண்ணீரைக் குடிப்பதால் நோய் வருகிறது என்று நினைத்தார். 1900-இல் ஜார்ஜ் கார்மைக்கேல் லோ என்பவர், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கொசுக்களை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தார். கொசுவின் உறிஞ்சு குழலிலேயே புழு காத்திருந்தது. கடியின் வழியாகத்தான் நோய் பரவுகிறது என்பது அப்போது உறுதியானது.

15,500 கடிகள்

மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் ஆயிரக்கணக்கில் பெருகும். யானைக்கால் புழு பெருகாது. கொசு ஒரு குட்டிப்புழுவை உறிஞ்சினால் அது அதிகபட்சம் ஒரே ஒரு புழுவாகத்தான் வளரும். அப்படி வளர்ந்து தொற்றும் பருவத்தை எட்டப் பத்து முதல் பதினான்கு நாட்கள் ஆகும். அதற்குள் கொசு செத்தால் புழுவும் செத்தது.

கொசு பிழைத்து யாரையோ கடித்தாலும் புழுவின் சிரமம் தீரவில்லை. கொசு அதை ஊசி போட்டதுபோல் ரத்தத்தில் செலுத்துவதில்லை. புழு தோலின் மேல்தான் விழுகிறது. அங்கிருந்து ஊர்ந்து, கடித்த துளையைத் தேடி உள்ளே நுழைய வேண்டும். நுழைந்த பிறகு பல மாதங்கள் வளர வேண்டும். அதே உடம்பில் ஆண் புழுவும் பெண் புழுவும் இருந்தால்தான் குட்டிகள் பிறக்கும்.

இவ்வளவு தடைகளையும் தாண்டி ஒரு புதிய தொற்று உண்டாக எத்தனை கடி வேண்டும்? பர்மாவின் ரங்கூன் நகரில் நடந்த ஆய்வுகளை வைத்து 1968-இல் இரண்டு அறிஞர்கள் கணக்கிட்டார்கள். ஊரில் புதிதாக ஒருவர் ரத்தத்தில் குட்டிப்புழு தோன்ற, தொற்றும் புழுவைச் சுமக்கும் கொசுக்கள் சராசரியாகச் சுமார் 15,500 முறை கடித்திருக்க வேண்டும் என்றது அந்தக் கணக்கு.

இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு நாள் விருந்துக்கு வந்து போகிறவருக்கு இந்த நோய் வருவது மிக அரிது. ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, தொட்டாலோ, பக்கத்தில் உட்கார்ந்தாலோ வரவே வராது. ஆண்டு முழுக்க, ஆண்டுக்கு ஆண்டு, ஆயிரக்கணக்கான கொசுக்கள் மக்களைக் கடிக்கும் ஊரில்தான் இது வேரூன்றும். அத்தனை கொசுக்களுக்கு இடம் கொடுத்தது யார்?

வயல்வெளிப் புழுவும் சாக்கடைப் புழுவும்

கேரளத்தில் ஆலப்புழை அருகே சேர்த்தலை என்ற ஊர் இருக்கிறது. அங்கே யானைக்கால் நோயை உண்டாக்கியது புரூகியா மலாயி என்ற வேறொரு புழு. அதைச் சுமப்பது மான்சோனியா கொசு. அதன் இளம்பருவமான கொசுப்புழு தண்ணீர்மேல் வந்து மூச்சு விடாது. குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேரில் தன் குழாயைச் செருகி, வேருக்குள் இருக்கும் காற்றை எடுத்துக்கொள்ளும். ஆகவே செடி மிதக்கும் குளம் உள்ள நாட்டுப்புறமே அதன் உலகம். செடியை அப்புறப்படுத்தினால் கொசு குறையும். 1930-களிலேயே எம்.ஓ.டி. ஐயங்கார் என்ற பூச்சியியல் அறிஞர் திருவிதாங்கூரில் இதை விரிவாக ஆராய்ந்தார்.

நம் பக்கத்துப் புழு வேறு வகை. ஆப்பிரிக்காவின் கிராமங்களில் இந்த வுச்சரேரியாவை மலேரியா பரப்பும் அனாபிலஸ் கொசுவே சுமக்கிறது. ஆனால் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோர நகரங்களில் கியூலெக்ஸ் சுமக்கிறது. இந்தியாவிலும் அதே கதைதான். ஊர் பெருகப் பெருக வீடுகள் நெருங்கின. ஒவ்வொரு வீட்டுக் குளியலறை நீரும் சமையலறை நீரும் தெருவுக்கு வந்தன. சாக்கடை கட்டினோம், ஆனால் நீர் ஓட வழி செய்யவில்லை. கியூலெக்ஸ் கொசுவுக்கு அழுக்குநீர்தான் பிடிக்கும். அதிலுள்ள நுண்ணுயிர்களே அதன் கொசுப்புழுவுக்குச் சாப்பாடு.

கடலூரையும் சிதம்பரத்தையும் வரைபடத்தில் பாருங்கள். கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் சேரும் இடத்தில் கடலூர். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவே சிதம்பரம். இரண்டும் கடலோரச் சமவெளி. மேடு பள்ளம் அதிகமில்லாத மண்ணில் தண்ணீர் தானாக வேகமாக ஓடாது. சாக்கடையில் ஒரு பிளாஸ்டிக் பை அடைத்தாலும் போதும், பின்னால் வரும் நீரெல்லாம் அங்கேயே நிற்கும்.

மத்திய அரசு 1955-இல் தேசிய யானைக்கால் நோய்த் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, பெரும்பாலும் நகரங்களையே கவனித்தது. வாரம் ஒருமுறை சாக்கடைகளில் கொசுப்புழு மருந்து தெளித்தார்கள். இரவு ரத்தப் பரிசோதனை நடத்தினார்கள். ஆனால் கொசுவுக்கு நகராட்சி எல்லை தெரியாது. கிராமங்களிலும் நோய் இருந்தது. இன்று கிராமத்திலும் சிமெண்ட் சாக்கடை வந்துவிட்டது. மூடியில்லாத கழிவுநீர்க் குழியும், கொசுவலை கட்டாத செப்டிக் டேங்க் குழாயும் வந்துவிட்டன. சாக்கடை போன இடமெல்லாம் கியூலெக்ஸும் போகும்.

ஒரு மாத்திரையின் பயணம்

இந்தப் புழுவுக்கு எதிரான மருந்தின் பின்னால் சென்னையில் படித்த ஒருவர் இருக்கிறார். எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்றார். லெடர்லே ஆய்வகத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழு 1947-இல் டை-எத்தில்-கார்பமசின் என்ற மருந்தைக் கண்டறிந்தது. அதைச் சுருக்கமாக டி.இ.சி. என்பார்கள். அடுத்த ஆண்டே சுப்பாராவ் காலமானார். அவர் பெயரை அறியாமலே கோடிக்கணக்கானோர் அந்த மாத்திரையை விழுங்கியிருக்கிறார்கள்.

டி.இ.சி. ரத்தத்திலுள்ள குட்டிப்புழுக்களைக் கொல்லும். வளர்ந்த புழுக்களில் ஒரு பகுதியைத்தான் கொல்லும். மிச்சமிருக்கும் தாய்ப்புழு மீண்டும் குட்டி போடும். ஆகவே ஓர் ஊரில் உள்ள எல்லோரும், நோய் இருப்பவர் இல்லாதவர் என்ற வேறுபாடின்றி, ஆண்டுக்கு ஒருமுறை மாத்திரை சாப்பிட வேண்டும். இதைத் தொடர்ந்து பல ஆண்டுகள் செய்தால் கொசுவுக்கு உறிஞ்சக் குட்டிப்புழு கிடைக்காது. தாய்ப்புழுக்களும் வயதாகிச் செத்துப்போகும்.

இந்த யோசனையைத் தமிழ்நாட்டில் முதலில் செயல்படுத்திய இடம் நம் கடலூர் மாவட்டம்தான். ஆண்டு 1996. அதன்பின் மற்ற மாவட்டங்களுக்கும் பிற மாநிலங்களுக்கும் திட்டம் விரிந்தது. பிறகு டி.இ.சி.யோடு அல்பெண்டசோல் என்ற குடற்புழு மாத்திரையும் சேர்ந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், கடுமையான நோயுள்ளவர்கள் தவிர எல்லோருக்கும் கொடுப்பார்கள்.

மாத்திரை போட்டதும் சிலருக்குத் தலைவலியும் லேசான காய்ச்சலும் வரும். "நல்லாத்தானே இருந்தேன், மாத்திரை போட்டுத்தான் காய்ச்சல் வந்தது" என்று பயந்து அடுத்த ஆண்டு ஒளித்துவைத்து விடுவார்கள். உண்மையில் அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் ரத்தத்தில் குட்டிப்புழுக்கள் சாவதால் வருவது. மாத்திரை யாருக்கு அவசியம் தேவையோ அவருக்கே அது வருகிறது. இதை உங்கள் வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.

தெர்மாகோல் மணிகள் செய்த வேலை

மாத்திரை மட்டும் போதுமா? தென்பெண்ணைக் கரையில், கடலூருக்கு மேற்கே திருக்கோவிலூர் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் மதுரையைச் சேர்ந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் ஆய்வு நடத்தினார்கள். சில கிராமங்களில் மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். வேறு சில கிராமங்களில் மாத்திரையோடு கொசுவையும் கட்டுப்படுத்தினார்கள். கொசு பெருகிய கிணறுகளிலும் கழிவுநீர்க் குழிகளிலும் சிறு தெர்மாகோல் மணிகளைக் கொட்டினார்கள். மணிகள் நீர்ப்பரப்பை மூடி மிதந்தன. கொசுப்புழுவால் மேலே வந்து மூச்சு விட முடியவில்லை. தாய்க்கொசுவால் முட்டையிடவும் முடியவில்லை.

மாத்திரையை நிறுத்திய பிறகுதான் வேறுபாடு தெரிந்தது. கிடைத்த பலன் நிலைத்து நின்றது கொசுவையும் கட்டுப்படுத்திய கிராமங்களில்தான். இதன் முடிவுகள் 2007-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியாயின.

இதற்கு முன்பே, கடலூருக்கு வடக்கே புதுச்சேரியில், 1975-இல் தொடங்கிய நோய்ப்பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆய்வு மையம் 1981 முதல் 1985 வரை நகரம் முழுவதும் ஒரு பெரும் முயற்சி செய்தது. சாக்கடைகளைத் தூர்வாரினார்கள், தேங்கிய நீரை ஓடவிட்டார்கள், நீர்நிலைகளில் கொசுப்புழு தின்னும் மீன்களை விட்டார்கள். கொசுக்கடி வெகுவாகக் குறைந்தது.

ஊருக்குச் சான்றிதழ் தரும் ஒன்றாம் வகுப்பு

ஓர் ஊரில் நோய் பரவுவது நின்றுவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெரியவர்களைச் சோதித்தால் பழைய புழு இருக்கலாம். ஆகவே ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளைச் சோதிக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் படிப்பவர்கள்தான் அவர்கள். மாத்திரைத் திட்டம் தொடங்கிய பின் பிறந்த அவர்கள் உடம்பில் புழு இல்லையென்றால், இத்தனை ஆண்டுகளாகக் கொசுக்கள் புழுவைக் கடத்தவில்லை என்று பொருள்.

இதற்கு இரவில் வரவேண்டியதில்லை. பள்ளிக்கே பகலில் வந்து விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஒரு சிறு அட்டையில் விடுவார்கள். தாய்ப்புழு வெளிவிடும் ஒரு பொருளை அந்த அட்டை காட்டிவிடும். அந்தப் பொருள் பகலும் இரவும் ரத்தத்தில் இருக்கும். சில நிமிடங்களில் முடிவு தெரிந்துவிடும்.

நம் பக்கத்து நாடான இலங்கை 2016-இல் இந்த நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பங்களாதேஷ் 2023-இல் அந்த நிலையை எட்டியது. இந்தியா 2027-ஐ இலக்காக வைத்திருக்கிறது. பீகார், ஜார்க்கண்ட், உத்தரப்பிரதேசம், ஒடிசா போன்ற மாநிலங்களில் இன்னும் வேலை இருக்கிறது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வருகிறவர்கள் உடம்பில் புழுவும் வரலாம். அது அவர்கள் குற்றமில்லை, நம் முன்னோர்களும் அதே புழுவோடுதான் வாழ்ந்தார்கள். நம் சாக்கடையில் கொசு இல்லையென்றால் அந்தப் புழு யாரிடமும் போய்ச் சேராது.

செய்து பாருங்கள்

பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பூந்தொட்டித் தட்டிலோ பழைய வாளியிலோ நெளியும் கொசுப்புழுக்கள் இருந்தால், அந்த நீரில் கொஞ்சம் ஒரு கண்ணாடி டம்ளரில் எடுங்கள். சாக்கடை நீரைத் தொட வேண்டாம். டம்ளரை அசைக்காமல் வைத்துப் பாருங்கள். கொசுப்புழு தலைகீழாகத் தொங்கும். வால் பக்கத்திலுள்ள சிறு குழாய் நீர்ப்பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதுதான் அதன் மூக்கு. டம்ளரை விரலால் தட்டினால் எல்லாம் சுருண்டு அடிக்குப் போகும். சிறிது நேரத்தில் மூச்சுக்காக மேலே வரும். இப்போது ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். எண்ணெய்ப் படலம் பரவியதும் குழாய்க்குக் காற்று கிடைக்காது. பார்த்து முடித்ததும் நீரை வறண்ட மண்ணில் கொட்டிவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

முட்டை கொசுவாக மாற நம் ஊர் வெயிலில் ஏழு முதல் பத்து நாட்கள் போதும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை நீரை வடித்துவிட்டால் கொசு பிறக்காது. சிறகு முளைத்துப் பறக்கும் கொசுவைத் துரத்துவதைவிட இது எவ்வளவு எளிது!

உங்கள் தெருவில் கால் வீங்கியவர் யாராவது இருந்தால் அவரைக் கேலி செய்பவர்களைத் தடுங்கள். தினமும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்து, உட்காரும்போது காலை உயர்த்தி வைத்து, செருப்பணிந்து நடந்தால் காய்ச்சலும் வீக்கமும் குறையும். இதை அவரிடம் அன்போடு சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வழி தெரியாதவருக்குத் துணையாகப் போங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளில் உங்கள் தெருவை வரையுங்கள். நீர் தேங்கி நிற்கும் சாக்கடை, மூடியில்லாத குழி, வலை கட்டாத செப்டிக் டேங்க் குழாய் ஆகியவற்றைச் சிவப்பு மையால் குறியுங்கள். அடுத்த ஞாயிறும் அதே இடங்களைப் பாருங்கள். ஒரு வாரம் கழித்தும் நீர் அங்கேயே நின்றால், அந்தத் தாளின் நகலை நகராட்சி, மாநகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் உங்கள் பெற்றோருடன் போய்க் கொடுங்கள். "எங்கள் தெருவில் இந்த இடங்களில் கொசு பிறக்கிறது" என்று சொல்லுங்கள். பதில் வரும்வரை மீண்டும் மீண்டும் கேளுங்கள்.